இருபது நிமிஷம் வாயைத் திறக்காதே

என் செல்ல மகள் லோனிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் பதினான்கு மாடுகளும் ஆண்டவர் தயவில் நலம், அங்கே வியன்னாவில் நீயும் உன் இருமலும் எப்படி என்று எழுது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. லத்தீன் வாத்தியார் படிப்பில் நாலு வருஷத்தைத் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்தில் நடத்திக் காட்டிய பாடத்தில் ஒரு தடவை தோற்றுப்போனதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாடு கறக்க வருகிறேன் என்கிறாய். மாடுகளைக் கேட்டேன், அவற்றுக்குச் சம்மதமில்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான் விடுவார்களாம், அதிலும் போனால் வாத்தியார் வேலை கிடையாதாம். ஒன்று மிச்சம் இருக்கிறதே, அது போதும்.

பிள்ளைகள் ஒரு வாக்கியத்தில் திணறினால் உடனே நீயே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறாயாம், பாடத்தை மதிப்பிட வந்த அம்மாள், மணி அடிக்கிறவரை அந்த வகுப்பில் லத்தீன் படித்தது நீ ஒருத்திதான் என்று சொன்னாராம். இதை வாசித்ததும் உன் அப்பா என்னைப் பார்த்து, அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்காடி பர்கி, உறை ஊத்துன பாலைக்கூட உங்க ரெண்டு பேருக்கும் விரல் விட்டுப் பார்க்காம இருக்க முடியாதே என்று அடுப்பை ஒட்டிய பெஞ்சில் சாய்ந்து சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உன் முதல் வருஷப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கி, ஒரு வாக்கியத்தைக் காட்டி, இதுக்கு அர்த்தம் சொல்லாம சூப்பும் ரொட்டி உருண்டையும் தட்டுக்கு வராது என்றேன். என்னடி இது, பள்ளிக்கூடத்துல குளிர்காய மட்டுமே போனவன்கிட்டப் போய் என்று கெஞ்சினார். புத்தகத்தின் கடைசியில் இருக்கிற சொற்பட்டியலை மட்டும் பார்க்க விட்டேன். பக்கத்து ஓரத்தில் நீ பென்சிலால் எழுதிய பதிலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். சத்தியமாக நானும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். இருபது நிமிஷம் லோனி. சூப் ஆறிப்போயிற்று. முதலில் ஆடு விவசாயியை விற்கிறது என்றார், நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவரே தலையைச் சொறிந்து, மறுபடி பட்டியலைப் புரட்டி, விவசாயிதாண்டி ஆட்டை விக்கிறான் என்று மேஜையைத் தட்டினார். விரலை எடுத்துப் பார்த்தோம், சரி! கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் முகம் அப்படி மலர்ந்திருக்கவில்லை. சாயங்காலம் கறவையில் ஒவ்வொரு மாட்டுக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு வரவேண்டிய முகம் அது, நீ முந்திக்கொண்டு பறித்துவிட்டாய். ஆகவே பதினான்காம் தேதி அந்தக் கடைசித் தடவைக்கு நீ போகிறாய். வாக்கியத்தைப் பலகையில் எழுது, கையைப் பின்னால் கட்டு, வாயை மூடு. அமைதி பயமுறுத்தினால் மனசுக்குள் ஜெபம் சொல், அது முடிவதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை கை தூக்கும். நடத்தாமல் ஓடி வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். நடத்திவிட்டு, ஜெயித்தோ தோற்றோ எப்படி வந்தாலும் உருண்டை சூடாக இருக்கும்.

அப்பா இப்போது மூன்றாவது வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன், கைக்கு வேலை கொடுத்தால்தான் வாய் சும்மா இருக்கிறது. தேவமாதா உன்னைக் கைவிடமாட்டாள். இதோடு வரும் பொட்டலத்தில் உள்ள கம்பளிக் காலுறையைப் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள், அலமாரிக்குக் குளிராது.

உன் வாயாடி அம்மா,
நோட்பர்கா