வளைவில் மிதிக்காதே

நேற்று மகனுக்கு வேலைக்குப் போட்டுப் போக பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு ஜோடியை நீட்டியதும் என் கை தானாக அதை இரண்டு முனையிலும் பிடித்து வளைத்துப் பார்த்தது. வளையவில்லை. "இதுதான்" என்றேன். அவன் இன்னும் காலில் போட்டே பார்க்கவில்லை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. அழுகை இதுவரை வரவில்லை, கடையிலும் வரவில்லை. மனம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

அப்படி வளைத்துப் பார்க்கப் பழகியது உனக்காகத்தான். எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்து மில் ஒன்று சைக்கிள் பந்தயத்தில் முதலில் வருகிறவனை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னது. அந்த வேலையை நம்பித்தான் உன் வீடே இருந்தது. கான்வாஸ் ஷூ வளைந்து வளைந்து மிதிக்கிற பலத்தைத் தின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்த மேதாவி நான். ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் இருந்த சித்தப்பாவின் பழைய பூட்ஸைக் கொண்டுவந்தேன். அடி பலகை மாதிரி இருந்தது.

"ஏலே, இதப் போட்டா நடக்கவே ஏலாது போலயே."

"ஒன்ன யாரு நடக்கச் சொன்னா?"

உயரந்தான் தகராறு. சைக்கிள் இரவல், சீட்டை முழுக்க இறக்கியும் உனக்குக் கால் எட்டவில்லை. பெடலுக்கு மேலொன்று கீழொன்றாக மரக்கட்டை வைத்துப் போல்ட் முடுக்கினோம். பூட்ஸை அதோடு சேர்த்து வாரால் இறுக்கினேன். நீ குனிந்து, கீழ்க்கட்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளந்தாய்.

"சாஞ்சா தட்டும்லே. கொஞ்சம் செதுக்கிருவமா?"

"செதுக்குனா போல்ட்டு பிடிக்காது. வளைவுல மிதிக்காத, அம்புட்டுத்தான். உள்பக்கத்துக் கால மேல வச்சுக்கிட்டு சும்மா சாஞ்சு போ."

வன்னியம்பட்டி ரோட்டில் ஒரு மாதம் அப்படியே பழகினாய். நீ சாய்ந்து திரும்புவது அவ்வளவு அழகாக இருக்கும்.

பந்தயத்தன்று நான் மம்சாபுரம் விலக்கில், ரோடு திரும்புகிற வளைவில் நின்றேன். நீதான் முதலில் வந்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒருவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். நீ காலை மேலே வைத்துச் சாய்ந்தாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மிதிலே! மிதி!" என்று கத்தினேன்.

என் குரலைக் கேட்டு மிதித்தாய். கட்டை தார்ரோட்டில் இடித்தது. சைக்கிள் உன்னைத் தூக்கி அடித்தது. வார் இறுக்கத்தில் காலை உருவ முடியாமல் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது.

ஆள் கூடியதும், நான் வாயைத் திறக்கும் முன்பே நீ சொன்னாய்: "நாய் குறுக்க வந்துட்டு."

நம் ஊரில் நாயைச் சொன்னால் மறு கேள்வி கிடையாது. மில் வேலை அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குப் போயிற்று. நீ காலைத் தாங்கித் தாங்கி நடந்து, வாடகைச் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியே காலத்தை ஓட்டினாய். தினமும் உன்னிடம்தான் காற்றடிக்க வருவேன். நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எத்தனை பெரிய கோழை நான்!

பதினாறாம் நாள் காரியத்தில் உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பாவ விழத்தட்டுன நாய் என்ன நெறம்? ஒரு நாளு கருப்பும்பாக, ஒரு நாளு வெள்ளைம்பாக. நீங்கதான அங்க நின்னீக?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"செவலை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இலை போட எழுந்து போனாள். நீ எனக்காகச் சொன்ன பொய்யை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும்.