தலைவரின் பட்டங்கள்

ஹா மோஜாலெஃபா,
4 மே 1938

அன்புள்ள செல்லோ,

சுகம்தானே? உன் வீட்டுக்காரி மாட்செபோ எப்படி இருக்கிறாள்? இங்கே அறுவடை முடிந்தது. மாடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன.

நீ ஞானஸ்நானம் வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷம் என் முற்றத்தில் எனக்குப் பாடிய பட்டங்களை, கன்மலை, சிங்கம், மலையை அதிரவைக்கும் இடி எல்லாவற்றையும், மிஷன் கோயிலில் உன் கடவுளுக்குப் பாடுகிறாயாமே! "உங்க கம்பளிய உருவி வேற ஆளுக்குப் போத்திட்டான், தலைவரே" என்று என் தம்பி சிரிக்கிறான்.

மகிமையையும் பலத்தையும் கர்த்தருக்குச் செலுத்தச் சொல்கிறீர்களாம். செலுத்த அது என்ன வரியா? நீங்கள் கொடுத்துத்தான் அவருக்குப் பலம் வர வேண்டுமா?

அடுத்த மாதம் ஊர்க்கூட்டம். பெரிய தலைவரின் ஆட்கள் வருகிறார்கள். நீ வந்து என்னைப் பாட வேண்டும். மறுத்தால் மனஸ்தாபமாகிவிடும்.

உன் பழைய கூட்டாளி,
மோஜாலெஃபா

மிஷன் குடியிருப்பு,
15 மே 1938

மரியாதைக்குரிய தலைவருக்கு,

செல்லோ எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

உங்களைப் பாடினால் நீங்கள் பெரிதாவீர்கள். நிறுத்தினால் சிறுத்துப்போவீர்கள். கோபிக்க வேண்டாம், எந்தத் தலைவருக்கும் அப்படித்தான். கர்த்தருக்கு என் பாட்டால் ஒன்றும் கூடுவதில்லை. நான் வாயை மூடினாலும் இடி இடிக்கத்தான் செய்கிறது. இருந்தும், பலம் உம்முடையது என்று பாடி முடித்ததும் என் தோளிலிருந்து ஏதோ பாரம் இறங்குகிறது. செலுத்துவதென்றால் எனக்கு இவ்வளவுதான் தெரியும்: அவருடையதை என்னுடையதென்று பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருப்பது.

"போகலன்னா மேய்ச்சல் நிலத்தப் பிடுங்கிருவாரு. அப்புறம் மாட்டைக் கட்டிலுக்கடியிலயா கட்டுவ?" என்கிறாள் மாட்செபோ. பிடுங்கட்டும் என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை. ஆனாலும் நான் வரவில்லை.

தங்கள்,
செல்லோ

ஹா மோஜாலெஃபா,
20 ஜூன் 1938

செல்லோவுக்கு,

கூட்டம் முடிந்தது. வேறொருவன் பாடினான். பாதியில் தடுமாறினான். வந்தவர்களில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

ஆற்றங்கரை மேய்ச்சல் நிலம் இனி உன்னுடையதல்ல.

தலைவர் மோஜாலெஃபா

மிஷன் ஆஸ்பத்திரி,
29 ஆகஸ்ட் 1938

செல்லோ,

குளிர்காலக் கடைசி உறைபனியில் குதிரை சறுக்கி, இடுப்பு முறிந்து, இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். உனக்குச் சொல்ல வேண்டாமென்று நான்தான் தடுத்தேன்.

ஞாயிறன்று உங்கள் பாட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. கன்மலை வந்தது, இடி வந்தது. எனக்குப் பாடியதைவிட நன்றாகவா பாடிவிடப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். நன்றாகத்தான் பாடினாய். என்னைப் பாடும்போது ஒவ்வொரு அடிக்கும் ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்ப்பாய். அந்தப் பயம் குரலில் இருக்கும். இப்போது இல்லை.

என்னைப் புரட்டிப்போட நான்கு பேர் வேண்டும். நேற்று நர்ஸம்மா, "சிங்கமே, கால கொஞ்சம் மடக்குங்க" என்றாள். அப்படிக் கூப்பிட என் ஆட்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நிலத்தை உனக்கே திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். அதற்காக வராதே. பாடவும் வேண்டாம். கொஞ்ச நேரம் வந்து உட்கார். சின்ன வயதில் நாம் சேர்ந்து மாடு மேய்த்த காலத்தில் என்னை எப்படிக் கூப்பிடுவாய்? அப்படி ஒரு தடவை கூப்பிடு.

மோஜா