சட்டைப் பையிலிருந்த கேமரா

லகாட்டில் நண்பர் வீட்டில் ஒண்டியிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

போன்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது என்று சொல்லித் திரிகிறீர்களாம். பாவம், அதை ஏன் திட்டுகிறீர்கள்?

நம் கம்ப்யூட்டரில் கேமரா இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் சொந்தக்காரர்களோடு ஆன்லைனில் ஜெபமாலை சொல்ல உங்கள் போனைத்தான் கேமராவாக வைப்போம். படம் வைஃபையில் போகும். செருகியிருந்தது வெறும் சார்ஜர் வயர். அதைப் பிடுங்கினால் கேமரா நின்றுவிடும் என்று நினைத்துவிட்டீர்கள். "தண்ணி குடிச்சிட்டு வாரேன் லா" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போனீர்கள். கேமரா பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைவலி என்று ஜெபத்துக்கு வராத பக்கத்து வீட்டு மிஷெல், திரை முழுக்கச் சிரித்தாள். பிறகு உங்கள் காலரைப் பிடித்து இழுத்தாள். அன்று காலை நான் இஸ்திரி போட்ட காலர்.

எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்களே, எப்படிப் பார்த்தார்கள் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லையாம். உங்கள் அம்மாவிடம் கேட்கலாம்தான். அவர்தான் உங்களைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாரே.

நானே சொல்கிறேன். முதலில் கண்ணைத் திறந்தவள் நான். மவுஸ் என் கையில் இருந்தது. ஒரு கிளிக்கில் எல்லாவற்றையும் மறைத்திருக்கலாம். நான் உங்கள் படத்தை எல்லார் திரையிலும் பெரிதாக்கினேன்.

"மாமி, கண்ணத் தொறந்து பாருங்க. ஒங்க மவன் தண்ணி குடிக்கிறாரு" என்றேன்.

இப்படிக்கு,
சிலிபினில் உள்ள நம் வீட்டுப் பூட்டை மாற்றியவள்