எடது கை எழுதாது

சிங்கப்பூர், 1958

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. ஒனக்கும் வாப்பாவுக்கும் சொகமா? ஊர்ல சாரல் விழுதா?

எடது கையால எழுதுதேன், பயப்படாத. நான் வேல செய்யுத பட்டாள முகாம்ல மருந்து சோதிக்க ஆள் கேட்டானுவ, லீவு உண்டுன்னானுவ. வாத்தியார் பெரம்புக்கே நீட்டாம ஓடியாந்த வலது கைய நீட்டுனேன். வெள்ளக்காரத் தொரை அதுல ரெண்டு சொட்டு விட்டான். குத்தாலத்துல எண்ண தேய்க்க மாதிரி முழங்கை வரைக்கும் அரக்கித் தேச்சிட்டேன். வெந்துபோச்சு. சண்டையில தூவுத வெசமாம், ஒரு பயலும் சொல்லல.

"நீயாத்தானல நீட்டுன, சர்க்கார் என்ன செய்யும்?"ங்கான் தொரைகிட்ட எழுத்து வேல பாக்குத கிராணி.

"வெசம்னு சொல்லியிருந்தா கால நீட்டியிருப்பேன், ஒந் தொரை மூஞ்சியில"ன்னேன்.

நானா விரும்பி வந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதான். இந்த எடது கை அதுக்கு எழுதாது. வெசம் விட்டதுக்குப் பதில் சொல்லுதவன் மொதல்ல வரட்டும்.

முழுக்கைச் சட்டை ரெண்டு அனுப்பு, தலவழியா போடுத மாதிரி. ஒத்தக் கையால பித்தான் போட வரல.

ஒம் மவன் ஆதம்