அம்மா வேனில் மஞ்சள் விளக்கு

ஜூலை 14, திங்கள்
நாள் பூரா புழுக்கம். சாயந்தரம் பசங்களை இறக்கிவிட்டு வரும்போது அம்மாவோட ஸ்கூல் வேன் மீட்டர்ல ஒரு மஞ்சள் விளக்கு. எஞ்சினைப் பாருன்னு சொல்ற 'செக் எஞ்சின்' விளக்காம். செக் எனக்குத்தான்.

காரணம் (இந்த நோட்டுக்கு மட்டும்): நேத்து மாமாவைப் பயமுறுத்த வேன் சைலன்சர்ல ஒரு உருளைக்கிழங்கு சொருகினேன். அவர் சாவியைத் திருகினதும் 'டொப்'. கிழங்கு எதிர்வீட்டு கேட்டுல. டயர் வெடிச்சிச்சின்னு மாமா குதிச்சி ஓடினார். வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

இன்னைக்கு அந்த விளக்கைப் பார்த்தா சிரிப்பு வரல. உருளை உருண்டாச்சு, அடுத்து என் தலை.

யூ.கே.ஜி. தர்ஷினி அம்மா போன்ல: "விளக்கு எரியிற வண்டில புள்ளைங்கள ஏத்தலாமாக்கா?"
அம்மா: "இன்னான்னு தெரியிற வரைக்கும் ஏத்த மாட்டேன்மா."

பதினோரு வாண்டுங்களும் நாளையிலேர்ந்து வேற வேன்ல. அப்படியே அங்கயே தங்கிட்டா? எங்க வீடே இந்த வேன்லதான் ஓடுது.

ஜூலை 15, செவ்வாய்
அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மெக்கானிக். "பல்பைப் புடுங்கிட்டா எரியாதுக்கா."
அம்மா: "உன் போர்டைப் புடுங்கிட்டா நீ மெக்கானிக் இல்லியா?"
கிளம்பிட்டோம். எனக்கு இந்த வாய் எங்கேர்ந்து வந்துச்சின்னு புரிஞ்சிபோச்சி.

கணக்கு ஹோம்வொர்க் பாக்கி. தூக்கம் நஹி.

ஜூலை 16, புதன்
ஸ்கூல் முடிஞ்சி மண்ணூர்பேட்டை. டில்லி அண்ணனோட மெக்கானிக் ஷெட். வண்டில என்ன கோளாறுன்னு காட்டுற ஸ்கேனரை மாட்டினார். "புகை போற குழாய்ல முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார் கீதுக்கா. அதுல கோளாறுன்னு காட்டுது. மாத்திடலாம்."

அம்மா: "சென்சார் கெட்டுப்போச்சா, அதுக்குப் போற ஒயர் கெட்டுப்போச்சா? எத்தினி சென்சார் கீது?"
"ரெண்டு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. இந்த வண்டில ரெண்டும் ஒரே மாதிரி."

"அப்ப எடம் மாத்திப் போடு. என் வேன்ல சண்டை வந்தா நான் சீட்டுதான் மாத்துவேன். புது எடத்துலயும் சண்டை வந்தா அந்தப் பையன் சரியில்ல. பழைய எடத்துலயே வந்தா ஜன்னல் சீட்டுக்காக."

டில்லி அண்ணன் ஸ்பேனரோட அம்மா பக்கம் திரும்பினார். "இன்னாக்கா படிச்சிக்கீற?"
"பத்தாவது. வண்டி ஆறிடிச்சி, திருகு."

விசில் அடிக்கணும்போல இருந்துச்சி. அதுக்குள்ள வண்டிக்கு அடியிலேர்ந்து அவர்: "சைலன்சர்ல யாராச்சும் கைவெச்சாங்களா?"
"எங்கூட்ல யாரும் தொட மாட்டாங்க." அம்மா யோசிக்கவே இல்ல. டக்னு சொல்லிச்சி.
அதைத்தான் தாங்க முடியல. சொல்லிட்டேன். கிழங்கு, மாமா, கேட்டு, எல்லாம். டில்லி அண்ணன் கெக்கெக்கேன்னு சிரிச்சார். அம்மா சிரிக்கல.

மாத்திப் போட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒரு பெரிய சுத்து. திரும்ப ஸ்கேனர். இப்ப பின்னாடி சென்சார்ல கோளாறாம்! சீட்டு மாறியும் சண்டை. அப்ப பையன்தான். (நான் இல்ல. சென்சார்.)

டில்லி அண்ணன்: "உள்ள சூடு பண்ற கம்பி பூட்ச்சி நைனா. உன் கிழங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஸ்கேனர் வெச்சிருக்கிறவர் 'மாத்திடலாம்'னார். வேன் ஓட்டுற எங்கம்மா கண்டுபிடிச்சிச்சி. பெரிய ஆளுதான்.

ஜூலை 17, வியாழன்
லேசா தூறல். புது சென்சார். விளக்கு காலி. தர்ஷினி அம்மாவே குரூப்ல போட்டாங்க: "நாளையிலேர்ந்து நம்ம அக்கா வேன்." பதினொண்ணும் திரும்ப வருது.
அம்மா இன்னும் என்னை ஒரு வார்த்தை திட்டல.

ஜூலை 18, வெள்ளி
6.40. பையை மாட்டிக்கினு வாசல்ல நிக்கிறேன். அம்மா சாவியோட வந்துச்சி. ஏறல. வேனுக்குப் பின்னாடி போச்சி. குனிஞ்சி சைலன்சர் உள்ள பார்த்துச்சி. ரெண்டு விரலை விட்டும் பார்த்துச்சி. முந்தானைல கையைத் துடைச்சிட்டு ஏறி ஸ்டார்ட் பண்ணிச்சி.

பக்கத்துலதான் நின்னேன். என்னைக் கேட்டிருக்கலாம்.