செப்புக் குமிழுக்குப் பொட்டு வேண்டாம்

உரும்பிராய்,
07.05.1984

அன்புள்ள மகள் சுகிர்தாவுக்கு,

எல்லோரும் நடமாடிக்கொண்டு சுகமாயிருக்கிறோம் என்று எழுத முடியாத வீடு இது. ஆனால் அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறார், நான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன், ஆகையால் சுகம் என்றே வைத்துக்கொள். பேர்கன் நகரின் ஓயாத மழையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன கடிதத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். அப்பா உண்மையாகவே வெளியே போக விரும்புகிறாரா, அல்லது நாங்கள் இழுப்பதால் சம்மதிக்கிறாரா என்று கேட்டிருந்தாய். அவரிடமே கேட்டுப் பார்த்தேன். "நீர் சொன்னாச் சரிதானே" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து புடைவைக்கும் புதுக் கதவுக்கும் உன் படிப்புக்கும் அவர் சொன்ன பதில் அதுதான். அதிலிருந்து நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?

எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு எயர்கண்டிசன் பூட்டுவது வீண் பெருமை என்று ஊரில் கதைக்கிறார்கள், உனக்கும் யாரோ எழுதியிருக்கிறார்கள் போலும். விசயம் இதுதான். தண்ணீர்த் தாங்கியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்த பிறகு அப்பாவுக்கு நெஞ்சுக்குக் கீழே வியர்ப்பதில்லை, குளிர்ந்தால் நடுங்குவதுமில்லை. வெளியே எவ்வளவு வெப்பமோ அதை உடம்பு அப்படியே வாங்கிக்கொள்ளும். பங்குனியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பும்போது கோப்பாய்ப் பக்கம் ஒரு அலுவலாகச் சுற்றி வந்தோம். வீடு வந்து பார்த்தால் காய்ச்சல் நூற்றுநாலு, கூப்பிட்டதற்குப் பேச்சில்லை. அன்றோடு அவரை வெளியே கொண்டுபோவது நின்றது. ஆனால் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் இன்னும் இறுகாமல் மிஞ்சியிருக்கின்றன, கிழமையில் இரண்டு நாள் பயிற்சி இல்லாவிட்டால் அவையும் மடங்கி இறுகிவிடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு விரலால்தான் அவர் கரண்டி பிடிக்கிறார். பயிற்சி காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான், முடிய உச்சி வெயில். விடியப் போய் விடியத் திரும்ப வழியில்லை.

நான் பக்கத்தில் இருந்து குளிரைக் கூட்டிக் குறைக்கலாமே என்று நீ கேட்பாய். என் உடம்பை நம்பி அதைச் செய்ய முடியாது. இந்த வயதில் எனக்கே காரணமில்லாமல் திடீரென்று சூடு ஏறுகிறது, நான் சுகத்துக்குத் திருப்பினால் அவர் விறைத்துப்போவார். தனக்குக் குளிர்கிறதா என்பது அவருக்கும் தெரியாது. ஆகவே வெப்பம் கூடினால் தானாகத் தொடங்கி, குறைந்தால் தானாக நிற்கும் ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். குருநகரில் ஐஸ் தொழிற்சாலை இயந்திரம் பார்க்கும் கிறிஸ்தவரான செபநாயகம் முதலில் சிரித்தார். "ரீச்சர், உந்தப் பிக்கப் தன்னையே இழுக்கேலாமல் கிடக்கு, உதுக்குக் குளிரும் வேணுமோ?" என்றார். பிறகு தானே விபத்தில் நசிந்த ஒரு ஜப்பான் காரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்து, என்ஜினில் இன்னொரு பெல்ற் போட்டுப் பூட்டினார். தரையிலிருந்த துருப்பிடித்த ஓட்டைகளை நானும் கனகரத்தினம் சித்தப்பாவும் பழைய ரியூப் துண்டால் அடைத்தோம், கூரைக்கு உள்ளே பனையோலைப் பாய் வைத்துத் தைத்தோம். தானாக நிற்பதற்கு ஒரு சிறிய செப்புக் குமிழ் இருக்கிறது. அதற்குள் இருக்கும் வாயு சூட்டில் விரிந்து ஆளியைப் போட்டுக் குளிரைத் தொடக்கும், குளிரச் சுருங்கி நிறுத்தும். எண்பத்திரண்டு பரனைற் பாகைக்கு வைத்தோம்.

அப்பாவை ஏற்ற முதல் நானே வெப்பமானியோடு உள்ளே இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன், இயந்திரம் வேலைசெய்யும் என்று ஒருவர் சொல்வதை நான் நம்புகிறவள் அல்ல. நல்லகாலம். காலையில் ஓடினால் தொண்ணூறைத் தாண்டியும் குளிர் தொடங்கவில்லை, நான் வெந்துபோனேன். அதே வாகனம் பின்னேரம் சொன்னபடி கேட்டது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. செபநாயகம் வாயுவைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "உதுவும் உங்கடை பள்ளிப் பிள்ளையள் மாதிரித்தான் ரீச்சர். காலமை பள்ளிக்கூடத்திலை நித்திரை, பின்னேரம் ரியூசன் எண்டாத்தான் சுறுசுறுப்பு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் அதையே யோசித்துவிட்டு, அடுத்த நாள் காலை குனிந்து அந்தக் குமிழைப் பார்த்தால் அதில் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். சித்தப்பா தினமும் வாகனம் எடுக்க முதல் ஸ்ரியறிங்குக்கும் கண்ணாடிக்கும் வைப்பதுபோல இந்தப் புதுச் சாமானுக்கும் பக்தியோடு அப்பியிருக்கிறார். ஈரம் காற்றில் காயும்போது குமிழைக் குளிர்விக்கும், குமிழோ வண்டி முழுவதும் குளிர்ந்துவிட்டதென்று நம்பிச் சும்மா இருந்துவிடும். பின்னேரம் சந்தனம் காய்ந்ததும் அதற்குப் புத்தி தெளியும். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த நானும் அதன் முன்னே மூன்று நாள் வியர்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நான் விளங்கப்படுத்தியதும் சித்தப்பாவுக்குப் பெரிய மனத்தாங்கல். "மச்சாள், சந்தனம் வையாத வாகனத்திலை நான் அண்ணையை ஏத்தமாட்டன், உங்கடை பௌதிகம் உங்களோடை" என்று வண்டித் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். அவர் ஓட்டாவிட்டால் வேறு ஆளில்லை, அப்பாவைத் தூக்கி இருத்தப் பழகியவரும் அவர்தான். கட்டிலில் கிடந்த அப்பாதான் கூப்பிட்டார். "கனகு, நீ எல்லாத்துக்கும் வை. உந்தக் குமிழைச் செபநாயகத்தார் வேதத்திலை சேர்த்துப்போட்டார் எண்டு நினைச்சுக்கொள். வேதக்காரருக்குப் பொட்டு வைக்கிறதே?" பக்கத்தில் நின்ற செபநாயகம் உடனே "ஓம், ஞானஸ்நானமும் குடுத்தாச்சு, பேர் அந்தோனி" என்றார். சித்தப்பா சிரிக்காமல் இருக்க மிகவும் முயன்றார், முடியவில்லை. இப்போது குமிழின் சந்தனம் ஒலியெழுப்பும் கோணுக்குப் போகிறது. நேற்றும் இன்றும் காலையில் ஓடிப் பார்த்தேன், எண்பத்திரண்டுக்கு மேலே போகவில்லை. இருந்தாலும் காலையில் ஓடுவது வேறு, உச்சி வெயிலில் ஓடுவது வேறு, நான் உள்ளே இருப்பதும் அவர் இருப்பதும் வேறு. நாளை செவ்வாய்க்கிழமை அவரைக் கொண்டுபோகிறோம். இயந்திரம் பிழைவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, நனைத்துப் போட ஒரு துவாய் எடுத்துவைத்திருக்கிறேன். போகாமல் விடப்போவதில்லை.

நீ கையுறையைத் தொலைத்ததாக எழுதியிருந்தாய், அடுத்த கடிதத்துக்கு முதல் வாங்கிவிடு, குளிர் போய்விட்டது என்று சாட்டுச் சொல்லாதே. பேக்கரிப் பாணை மட்டும் தின்று வயிற்றைக் கெடுக்காதே. அப்பாவுக்குத் தனியாகப் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுது, நான் பிடித்துக்கொள்ள அவர் தானே வாசிக்கட்டும். எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து, நோய்நொடியின்றி, நினைத்ததைப் படித்து முடிக்க எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா

08.05.1984, பின்னேரம். உறையை ஒட்டவில்லை, ஆகையால் நடந்ததை அப்படியே சேர்க்கிறேன். போகும்போது ஒரு குறையுமில்லை. பயிற்சி முடிந்தபோது பெருவிரல் கொஞ்சம் விரிந்தது. திரும்பும்போது, உச்சி வெயிலில், கோண்டாவில் தாண்டியதும் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது, அதோடு குளிரும் நின்றது. கதவுகளைத் திறந்தோம், உள்ளே தொண்ணூற்றைந்து. பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் வாய்க்கால் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற பெண்கள் ஓடிவந்து வாளி வாளியாகத் தந்தார்கள். நான் துவாயை நனைத்து அப்பாவின் நெஞ்சிலும் கழுத்திலும் போட்டு மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன். நான் அடுத்த வாளியைத் தூக்க, அப்பா என்னை அதட்டினார், விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. "எனக்கு ஊத்தினது காணும், போதும். என்ஜினுக்கு ஊத்தும். அது பழுதாப்போனா வெள்ளிக்கிழமை என்னெண்டு போறது?" மிச்சத் தண்ணீர் எல்லாம் றேடியேற்றருக்குப் போனது. வீடு வந்து பார்த்தபோது காய்ச்சல் தொண்ணூற்றொன்பதரை. வெள்ளிக்கிழமை பின்னால் இரண்டு குடம் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகிறோம்.