மச்சாளுக்குச் சொல்லாத பயணம்

பெப். 6, வெள்ளி. கோல்டிங், டென்மார்க்.

பின்னேரம் முழுக்கப் பனி. முதியோர் இல்ல வேலை முடிஞ்சு வந்து கட்லட் பொரிச்சாச்சு. தேர்மோஸ் கழுவியாச்சு. நாளைக்குக் கோபன்ஹேகன். இவரும் நானும் மட்டும்.

இத்தனை வருசமா அங்க போறம். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு. எல்லாத்துக்கும் பக்கத்து டோஸ்ட்ருப்பில இவரின்ர அக்கா, என்ர மச்சாள் வீட்டிலதான் நிக்கிறது. அவவின்ர குசினியில வெங்காயம் உரிச்சதுதான் நான் பாத்த தலைநகரம்.

இந்தமுறை மச்சாளுக்குச் சொல்லவேண்டாம் எண்டிட்டன். அந்தப் பக்கம் போயும் அவ வீட்டுப் படி மிதிக்காட்டில், எங்கட சனத்தில அது சின்னக் குற்றமில்லை. இவருக்கு முகம் கறுத்துப் போச்சு. அக்காதான் இவரை இஞ்ச கூப்பிட்டு எடுத்தவ. அவவுக்கு இவர் மறுசொல்லு சொல்லி நான் கேட்டதில்லை.

"அக்கா அறிஞ்சா கொன்றுபோடுவா."

"அறிஞ்சால்தானே."

சின்னவள் படிக்கவெண்டு ஓர்ஹூஸ் போனதிலயிருந்து வீட்டில கதையே இல்லை. "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." முடிஞ்சுது. இவ்வளவு காலமும் பிள்ளையளைப் பற்றித்தான் கதைச்சிருக்கிறம் போல. எங்களுக்கெண்டு ஒரு கதையும் மிஞ்சேல்லையோ? பயமாக் கிடக்கு.

பெப். 7, சனி. திரும்பி வாற ரெயினில.

நல்ல வெயில். ஆனால் காது விறைக்கிற குளிர். போகேக்க இவர் போனைப் பாத்தார், நான் யன்னலைப் பாத்தன்.

அரண்மனை முற்றம். காவல்காரருக்குப் பெரிய கறுத்த தொப்பி. பிறகு கடற்கன்னி சிலை. "உவ்வளவுதானோ?" எண்டார் இவர். பின்னால ஒரு சின்னப்பெட்டையும் தகப்பனிட்ட டெனிஷில அதையேதான் கேட்டது. கனநாளைக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒண்டாச் சிரிச்சம்.

வட்டக்கோபுரம். படி இல்லை, சுத்திச் சுத்திச் சரிவுதான். பாதி வழியில இவர் தானாக் கதைக்கத் தொடங்கினார். தொழிற்சாலையில புது மிசின் வந்திட்டுதாம். தன்னை வேற பகுதிக்கு மாத்தப்போகினமாம். இந்த வயசில புதுசாப் பழகப் பயமாம். கிழமைக்கணக்கா மனசுக்குள்ள வைச்சிருக்கு மனிசன்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

சுருக்கெண்டுது. நான் கேக்கேல்லைத்தான்.

மேல போனா கூரையெல்லாம் வெள்ளை. இவருக்குச் சந்தோசம் தலைக்கேறிப்போச்சு. ரெண்டு பேரையும் சேத்துப் படம் எடுத்தார். எடுத்த கையோட குடும்பக் குறூப்பில போட்டிட்டார்! மச்சாள் இருக்கிற குறூப். பழக்கதோசம்.

"ஐயோ, என்ன வேலை பாத்தனீங்கள்!"

அழிக்கமுதல் போன் அடிச்சுது. மச்சாளின்ர குரல் எனக்கே கேட்டுது. "எட தம்பி, என்ர வாசலுக்கு வராமல் அந்தக் கோபுரத்தில என்ன செய்யிறாய்? உலை வைக்கிறன். ரெண்டு பேரும் உடன வாங்கோ."

இவர் "ஓம் அக்கா" எண்டுதான் சொல்லுவார். வேற என்ன! நான் கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்க வெளிக்கிட்டன். கோவமும் அழுகையும் ஒண்டா வந்துது.

"இல்லை அக்கா," எண்டார். "இண்டைக்கு வரேல்லை. இவவோட கதைச்சுக்கொண்டு நிக்கிறன். இன்னும் முடியேல்லை."

பெப். 8, ஞாயிறு.

பனி உருகுது. முற்றமெல்லாம் சேறு.

மச்சாள் குறூப்பை விட்டு விலகிட்டா. இவருக்கு விடியவே முகம் வாடிக் கிடக்கு. "எடுத்துக் கதைப்பமோ?" எண்டு கேட்டார். பின்னேரம் ரெண்டு பேருமா எடுப்பம் எண்டன். ஏச்சு விழுந்தா ரெண்டு பேருக்கும் விழட்டும்.

தேத்தண்ணி ஊத்தப் போனா பின்னாலயே வந்து நிண்டு கதை. எழுத இருந்தா விடுறாரில்லை. கூப்பிடுறார்.